வளம் வந்தபின் அரசு வீடு யாருக்கு உரியது?

பொருள் வசதி குறைந்த காலத்தில், அரசோ நகராட்சியோ கட்டிய குறைந்த வாடகை வீட்டில் ஒருவர் குடியேறுகிறார். ஆண்டுகள் செல்கின்றன. உழைப்பாலும் நல்லூழாலும் அவர்தம் வருவாய் உயர்கிறது. வெளியே அத்தகைய வீட்டிற்கு இருமடங்கோ மும்மடங்கோ வாடகை கொடுத்து வாழ இப்போது அவரால் இயலும். அவர் குடியிருக்கும் வீட்டிற்கோ, பெயர் பதிந்து காத்திருப்போர் பலர். இந்நிலையில் அவர் அவ்வீட்டை விட்டு நீங்க வேண்டுமா? நீங்காவிடின் அது அறத்திற்கு மாறாகுமா?

இவ்வினாவை எடுத்துக்கொள்வதற்கு எமக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதனை உரிய இடத்தில் மறைக்காமல் உரைப்போம். அதற்குமுன், இவ்வினா உலகில் எங்கெங்கு எழுந்தது, அவ்வந்நாட்டார் எவ்வாறு விடைகாண முயன்றனர் என்பதை வாசக அன்பர்கள் அறிதல் நலம். தம் வழக்கைத் தாமே தீர்க்க முற்படுவோர் முதலில் அயலார் வழக்கைக் கேட்பது நடுநிலைக்குத் துணை செய்யும்.

இலண்டன் மாநகரின் வடகிழக்கே உட்ஃபோர்டு என்னும் பகுதியில், பாப் குரோ என்பார் கவுன்சில் வீடொன்றில் வாழ்ந்து வந்தார். ஊர்மன்றங்கள் கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளை ஆங்கிலேயர் கவுன்சில் வீடு என்பர். குரோ எளிய குடியில் பிறந்து சுரங்க இரயில் தொழிலாளியாய் வாழ்வைத் தொடங்கி, 2002-இல் இரயில் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர் ஆனவர். சம்பளமும் பிற சலுகைகளும் சேர ஆண்டுக்கு ஏறத்தாழ 1,45,000 பவுண்டு பெறுகிறார் என்று செய்தித்தாள்கள் எழுதின. இவ்வளவு பெறுபவர் ஏழைகளுக்கான வீட்டில் இருக்கலாமா என்று கேள்விகள் எழுந்தன. வெளியேற வேண்டிய அறக்கடன் தமக்கு இல்லை என்று அவர் உறுதியாக மறுத்தார். 2014 மார்ச்சு மாதம் காலமாகும் வரை அக்கொள்கையில் அவர் தளரவில்லை.

இச்செய்தியை முதன்முறை படித்தபோது, ‘என்ன துணிவு!’ என்றே எமக்குத் தோன்றிற்று. ஆனால் அந்நாட்டு வீட்டு வசதியின் வரலாற்றைப் படித்தபின் அவ்வளவு விரைந்து தீர்ப்புச் சொல்ல மனம் வரவில்லை.

முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, 1919-இல், நலவாழ்வு அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன் கொணர்ந்த சட்டத்தால் ஊர்மன்றங்கள் அரசின் பொருளுதவியுடன் பெருமளவில் வீடு கட்டத் தொடங்கின. அக்காலச் சட்டங்களில், இவ்வீடுகள் தொழிலாளர் வகுப்பினர்க்கு உரியவை என்னும் சொற்கள் இருந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற அன்யூரின் பெவன், 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அச்சொற்களையே நீக்கிவிட்டார். மருத்துவரும் மளிகைக்காரரும் இறைச்சிக்கடைக்காரரும் பண்ணைத் தொழிலாளியும் ஒரே தெருவில் வாழ்ந்த பழைய சிற்றூரைப்போல் புதிய குடியிருப்புகளும் அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஏழைகளை மட்டும் ஓரிடத்தில் குடியேற்றினால் அவ்விடம் நாளடைவில் ஒதுக்கிடமாகிவிடும் என்று அவர் கருதினார். ஆகவே, அந்நாட்டில் கவுன்சில் வீடு என்பது தொடக்கத்தில் எவ்வாறாயினும், 1949-க்குப் பின் வறியோர்க்கு இடும் பிச்சையாக எண்ணப்படவில்லை. நூலகம் போல, மருத்துவமனை போல, யாவர்க்கும் பொதுவான ஒன்றாக அது கருதப்பட்டது. அம்மரபில் வளர்ந்த ஒருவர், ‘என் வருவாய் கூடிற்று என்பதற்காக நூலகத்தில் எனக்கு நூல் மறுப்பீரோ?’ என்று கேட்டால், அதனை ஆணவம் என்று தள்ளிவிட முடியாது.

நூலகத்தில் ஒருவர் படித்த நூலை அவர் திருப்பித் தந்தபின் அடுத்தவர் படிக்கலாமே, வீடு அவ்வாறன்றே என்று சிலர் கேட்கக்கூடும். சரியான கேள்வி. அதற்குப் பின்னர் வருவோம்.

1980-இல் மார்கரெட் தாட்சர் அம்மையாரின் அரசு, குடியிருப்போர் தம் கவுன்சில் வீட்டைத் தாமே விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கிற்று. சந்தை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தள்ளுபடி கிடைத்தது. பிற்காலத்தில் அத்தள்ளுபடி இன்னும் கூடிற்று. இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபது இலட்சம் வீடுகள் இவ்வாறு தனியார் கைக்குச் சென்றன. விற்ற வேகத்தில் புதியன கட்டப்படவில்லை. விற்கப்பட்டவற்றுள் பல இன்று தனியாரால் மிகுந்த வாடகைக்கு விடப்படுகின்றன. ஸ்காட்லாந்து 2016-இலும் வேல்ஸ் 2019-இலும் இவ்வுரிமையை முடித்து வைத்தன.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வருவாய் உயர்ந்த குடியிருப்பாளர் வாடகை கொடுத்துக்கொண்டு அதே வீட்டில் இருந்தால் ஊரார் ஏசுகின்றனர். அவரே பாதி விலைக்கு அவ்வீட்டை வாங்கிவிட்டால், முன்னேறிய குடும்பம் என்று பாராட்டுகின்றனர். முன்னவர் இறந்தபின் வீடு ஊருக்குத் திரும்பும். பின்னவர் வாங்கிய வீடு ஒருநாளும் திரும்பாது. பொதுச் சொத்திலிருந்து மிகுதியாக எடுத்துக்கொண்டவர் இருவருள் யார்? குரோ அவ்வீட்டை விலைக்கு வாங்காமல் வாடகைக் குடியாகவே இருந்தார் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் நிகழ்ந்தபின், எஞ்சிய வீடுகளில் வசதி படைத்தோர் இருத்தல் கூடாது என்னும் குரல் வலுத்தது. 2015 சூலை மாத வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்பர்ன் ஒரு திட்டத்தை அறிவித்தார். இலண்டனில் ஆண்டுக்கு 40,000 பவுண்டுக்கு மேலும் பிற இடங்களில் 30,000 பவுண்டுக்கு மேலும் ஈட்டும் குடும்பத்தார் சந்தை வாடகையோ அதற்கு அணுக்கமான வாடகையோ தர வேண்டும் என்பதே அது. பின்னர் இரண்டாம் வரம்பு 31,000 ஆக உயர்த்தப்பட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது இடம்பெற்றது. கணவனும் மனைவியும் ஆளுக்கு 15,500 பவுண்டு ஈட்டினாலே இவ்வரம்பைத் தொட்டுவிடுவர். அவர்களைச் செல்வர் என்று யார் சொல்வார்? வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு பவுண்டிற்கும் பதினைந்து பென்சு கூடுதல் வாடகை என்று மென்மைப்படுத்தியும் எதிர்ப்பு அடங்கவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் வருவாயையும் ஆண்டுதோறும் துருவி ஆராய்வதற்கு ஆகும் செலவும் ஒருபுறம் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அரசு கட்டாயத்தைக் கைவிட்டது.

மற்றொன்றும் உண்டு. சலுகை, மானியம் என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்கு அந்நாட்டில் என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றின் கட்டுமானக் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. 2012 முதல் இங்கிலாந்தில் ஊர்மன்றங்களின் வீட்டுக் கணக்கு வாடகை வரவைக் கொண்டே தன்னைத் தாங்கிக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டது. ஆகவே குரோ போன்றோர்க்கு அரசு கையிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கவில்லை. சந்தையில் கிடைக்கக்கூடிய கூடுதல் வாடகையை வாங்காமல் விட்டது, அவ்வளவே. அச்சந்தை வாடகையோ வீட்டுப் பஞ்சத்தால் ஊதிப்பெருத்தது. பஞ்சத்தில் அரிசி விற்ற விலையை நேர்விலை என்று கொண்டு, பழைய விலைக்கு வாங்கியவனைச் சலுகை பெற்றவன் என்பது போன்றதே இது. மேலும், சொந்த வீடு உடையோர்க்கு வீட்டுக்கடன் வட்டிக்காக 2000-ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் வரிச்சலுகை இருந்தது. அதைப் பெற்றவர் வருவாயை எவரும் கேட்டு ஏசியதில்லை. நம் நாட்டில் வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு பெற்றோருள் யாமும் ஒருவர் என்பதால் இதனைச் சற்று அழுத்தியே சொல்கிறோம்.

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னா வேறு வழி சென்றது. 1919 முதல் 1934 வரை அந்நகரை ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சியினர், 1923-இல் வீடு கட்டுவதற்கென்றே தனி வரி விதித்தனர். நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னர் வகுத்த அவ்வரி, எளிய வீட்டிற்குச் சிறிதாகவும் மாளிகைக்கு மிகப் பெரிதாகவும் ஏறிச்செல்லும். அப்பொருளைக் கொண்டு அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். 1930-இல் திறக்கப்பெற்ற கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்னும் ஒரு குடியிருப்பு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. அதில் 1,382 வீடுகள். சலவைக்கூடம், குளியற்கூடம், மழலையர் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம் யாவும் உள்ளேயே. 1934 பிப்ரவரி உள்நாட்டுப் போரில் அக்கட்டடத்தின்மீது பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. எனினும் அது இன்றும் நிற்கிறது. மக்கள் இன்றும் வாழ்கின்றனர்.

இன்று அந்நகராட்சிக்கு ஏறத்தாழ 2,20,000 வீடுகள் உள்ளன. உதவி பெற்றுக் கட்டிய கூட்டுறவு வீடுகளையும் சேர்த்தால் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர். குடியேறும்போது வருவாய் வரம்பு பார்க்கப்படும். அவ்வரம்பும் நகரத்தாரில் பெரும்பாலோர் தகுதி பெறும் அளவிற்கு உயர்வானது. குடியேறியபின் வருவாயை எவரும் மீண்டும் கேட்பதில்லை. ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் மருத்துவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகின்றனர். பெவன் கண்ட கனவு அவர் நாட்டில் அல்லாமல் இந்நகரில்தான் பெரிதும் நனவாயிற்று எனலாம். ஆனால் அங்கும் குறை இல்லாமல் இல்லை. உள்ளே இருப்பவர் நெடுநாள் இருக்கிறார். உடன் வாழ்ந்த மக்களுக்குக் குடியுரிமை செல்லவும் இடமுண்டு. புதிதாக அந்நகருக்குப் பிழைக்க வந்தவர், அவரே மிக வறியவராயினும், வெளியே தனியார் வீட்டில் கூடுதல் வாடகை கொடுத்துக் காத்திருக்கிறார்.

ஹாங்காங் இதற்கு நேர்மாறு. 1953 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, செக் கிப் மெய் என்னும் குடிசைப் பகுதியில் பற்றிய தீயால் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களைக் குடியமர்த்தக் கட்டிய அடுக்ககங்களில், வயது வந்த ஒருவர்க்கு 24 சதுர அடி என்பது கணக்கு. நம் வீட்டுத் திண்ணையில் பாய் விரிக்கும் இடம்! தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் பொது. அங்கிருந்து தொடங்கிய பொது வீட்டுத் திட்டத்தில் இன்று அந்நகர மக்களுள் பத்தில் ஏறத்தாழ மூவர் வாடகைக் குடிகளாக வாழ்கின்றனர். நிலமோ குறைவு. காத்திருப்போர்க்கு வீடு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை பலர், ஒரு வீட்டைப் பலகையால் தடுத்துப் பல அறைகளாக்கிய பொந்துகளில் காலம் கழிக்கின்றனர்.

ஆதலின் அங்கே 1987-இலேயே விதி வகுத்தனர். பத்தாண்டுகளுக்கு மேல் குடியிருப்போர் வருவாயைத் தெரிவிக்க வேண்டும். வரம்பின் இருமடங்கைத் தாண்டினால் வாடகை உயரும். 2017-இல் விதி மேலும் இறுகிற்று. வருவாய் வரம்பின் ஐந்து மடங்கையோ, சொத்து அவ்வரம்பின் நூறு மடங்கையோ தாண்டினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஹாங்காங்கில் சொந்தமாகக் குடியிருப்பு வீடு வாங்கியவர், வருவாய் எவ்வளவாயினும் வெளியேற வேண்டும்.

கேட்பதற்கு நேர்மையாகவே உள்ளது. ஆனால் இவ்விதி குடும்பத்திற்குள் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். தந்தை காவலாளி, தாய் வீட்டோடு இருக்கிறார், மகன் படித்து வேலைக்குச் செல்கிறான். மகனின் முதற்சம்பளம் வந்தவுடன் குடும்ப வருவாய் வரம்பைத் தாண்டுகிறது. ஆகவே மகனின் பெயரைக் குடியிருப்போர் பட்டியலிலிருந்து நீக்கி அவனை வெளியே அனுப்பிவிடுகின்றனர். முதியோர் தனித்து நிற்கின்றனர். மகன் முன்னே சொன்ன பொந்து ஒன்றில் வாடகை கொடுத்து வாழ்கிறான். மகன் முன்னேறினான் என்று மகிழ வேண்டிய நாளில், பெற்றோர் விண்ணப்பப் படிவத்தில் அவன் பெயரை அடித்துக்கொண்டிருக்கும் காட்சியை எண்ணிப் பார்க்கவும். முப்பதாண்டுகளுக்கு மேல் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எமக்கு, இக்காட்சி எளிதில் மறக்கக்கூடியதன்று.

அமெரிக்க நாட்டின் பட்டறிவும் இதனையே காட்டுகிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த பொது வீடுகளிலிருந்து, இரண்டாம் உலகப்போருக்குப் பின் வருவாய் உயர்ந்த குடும்பங்களை வெளியேற்றினர். வீடுகளைப் பேணும் செலவு வாடகை வரவிலிருந்தே வர வேண்டும். நிலையான வருவாய் உடையோர் நீங்கவே வரவு சுருங்கிற்று, பேணுதல் குன்றிற்று. செயின்ட் லூயி நகரில் 1954-இல் மக்கள் குடியேறத் தொடங்கிய புரூயிட் ஐகோ என்னும் குடியிருப்பு, பதினொரு மாடிக் கட்டடங்கள் முப்பத்து மூன்று கொண்டது. பழுதுபார்க்கப் பொருளின்றிச் சீரழிந்த அதனை 1972 முதல் வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அதன் அழிவிற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் வறியோரை மட்டும் வைத்து, அவர் தரும் வாடகையாலேயே அதனைப் பேண முயன்றதும் ஒரு காரணம். 1969-க்குப் பின் வாடகை வருவாயில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் கூடாது என்றனர்; 1981-இல் அது நூற்றுக்கு முப்பதாயிற்று. வறியவனுக்கு இது காப்பு. ஆயின் சம்பளம் நூறு கூடினால் வாடகை முப்பது கூடும் என்பதால், உழைப்பிற்குத் தண்டம் என்று எண்ணுவோரும் உளர்.

அந்நாட்டு வீட்டு வசதித் துறையின் தணிக்கை அலுவலகம் 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வரம்பிற்கு மேல் வருவாய் உடைய 25,226 குடும்பங்கள் பொது வீடுகளில் வாழ்வதாக அது கூறிற்று. மொத்தக் குடும்பங்களோ பதினோரு இலட்சம் அளவின. ஆதலின் இவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அவர்களுள்ளும் பலர் வரம்பைச் சிறிதளவு தாண்டியவர்களே. ஆனால் நியூயார்க்கில் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று ஆண்டுக்கு 4,97,911 டாலர் ஈட்டிக்கொண்டு, மாதம் 1,574 டாலர் வாடகையில் வாழ்ந்ததும் அதில் இருந்தது. அக்குடும்பத் தலைவர்க்கு வேறு வீட்டு மனைகள் இருந்தன. அவற்றை வாடகைக்கு விட்டுப் பெரும்பொருள் ஈட்டி வந்தார். மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது.

இவ்விடத்தில்தான் யாம் எம் கதைக்கு வர வேண்டியுள்ளது. அந்நியூயார்க்குக் குடும்பத் தலைவரைப் பற்றிப் படித்தபோது, வெகுண்டெழ வேண்டிய எம் மனம் நாணிற்று.

1979-இல், யாமும் எம் கணவரும் மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு ஊழியர்க்கான வாடகைக் குடியிருப்பில் குடியேறினோம். எமக்கு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி. அவர் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கர். வந்தவாசிக்கு அருகில் எம் ஊரில் இருந்த ஓட்டு வீட்டைத் தவிர வேறு சொத்து இல்லை. இரண்டு குழந்தைகள். அவ்வீடு அன்று எமக்குக் கிடைத்திராவிடில் பிள்ளைகளின் படிப்பே தடைப்பட்டிருக்கும். 1986-இல் கடன் பெற்று ஊரின் எல்லையில் சொந்த வீடு கட்டினோம். கட்டியவுடன் அதில் குடியேறினோமா? இல்லை. மாதம் 600 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டோம். குடியிருப்பிற்கு எம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டதோ அதனினும் மிகக் குறைவு. அதே ஊரில் சொந்த வீடு உடையோர் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்று விதியில் ஒரு வாசகம் இருந்தது. எம் வீடு நகராட்சி எல்லைக்கு அரைக்கல் தொலைவு தள்ளி, ஊராட்சியில் இருந்தது. ஆகவே ‘அதே ஊர்’ அன்று என்று எம் கணவர் சொன்னார், யாமும் ஒப்பினோம். இலக்கணம் கற்பித்தவர்க்குச் சொல்லின் எல்லையில் நின்று பிழைக்கத் தெரியாதா?

எம் பள்ளி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக ஒரு பெண்மணி இருந்தார். கணவரை இழந்து, கருணை அடிப்படையில் அப்பணியைப் பெற்றவர். இரண்டு பெண் குழந்தைகள். எம் குடியிருப்பில் எம் வகை வீட்டிற்கே 1987-இல் விண்ணப்பித்திருந்தார். அரிசி ஆலை ஒன்றின் பின்புறம் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தார். அக்குழந்தைகள் காலையில் பள்ளிக்கு வரும்போது தலையில் உமித்தூள் படிந்திருக்கும். இளையவளுக்கு ஓயாத இருமல். அவர் எம்மிடம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், சம்பளப் பட்டியலில் கையொப்பம் இடச் சென்றபோது கேட்டார்: “டீச்சர், உங்க புது வீடு கட்டி முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதம்மா. வாடகைக்கு விட்டிருக்கோம்.”

“நல்லதுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் பேரேட்டில் குனிந்துகொண்டார்.

1993-இல் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். 1995-இல் எம் கணவர் ஓய்வு பெற்றபோதுதான் யாம் அவ்வீட்டை விட்டு நீங்கினோம். அறம் உணர்ந்து நீங்கினோம் என்று சொல்ல வழியில்லை. ஒன்பது ஆண்டுகள், மாதம் 600 வீதம், 64,800 ரூபாய். அப்பொருளில் ஒரு பங்கு எம் ஊர் ஜினாலயத் திருப்பணிக்குச் சென்றது. அங்குள்ள கல்வெட்டில் எம் இருவர் பெயரும் உள்ளன.

இது கள்ளாமை என்னும் விரதத்திற்கு மாறா என்று பன்முறை சிந்தித்ததுண்டு. கொடுக்கப்படாததைக் கொள்வதே களவு என்று நம் முன்னோர் இலக்கணம் வகுத்தனர். எமக்கு அவ்வீடு கொடுக்கப்பட்டது. முத்திரையிட்ட ஆணை இருந்தது. மாதந்தோறும் தொகையும் பிடிக்கப்பட்டது. ஆகவே எழுத்தளவில் களவன்று. ஆனால் அவ்வீடு எமக்குக் கொடுக்கப்பட்டது, குடியிருக்க வீடில்லை என்னும் காரணத்தால் அன்றோ? 1986-இல் அக்காரணம் தீர்ந்தது. கொடை மட்டும் தொடர்ந்தது. காரணம் தீர்ந்தபின் தொடர்ந்த கொடையை, கொடுத்தவன் அறியாமல் ஏற்றுக்கொண்டிருப்பது கொடுக்கப்பட்டதைக் கொள்வது ஆகுமா? ஆகாது என்றே இன்று எண்ணுகிறோம். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திலோ ஐயத்திற்கே இடமில்லை. இல்லறத்தார் தம் தேவைக்கு எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதை விடுதல் அவ்விரதம். வகுத்துக்கொள்ளும் பொருள்களின் வரிசையில் நிலமும் வீடும் முன்னே நிற்கின்றன. எமக்குத் தேவை ஒரு வீடு. கையில் இருந்தவை இரண்டு.

அவ்வாறாயின் குரோவும் யாமும் ஒரே தட்டில் வைக்கத் தக்கோரா? தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் ஆர்வத்தில் பிறரையும் உடன் இழுத்துத் தாழ்த்துவது முறையன்று. அவர்க்குப் பொது வீடு ஒன்றே வீடாக இருந்தது. வருவாய் உயர்ந்தது, அதற்கு உரிய வரியை நாட்டிற்குச் செலுத்த வேண்டியவர் அவர். வருவாய்க்கு ஏற்பப் பொருள் கொள்ள வேண்டின் அதற்கென்று வருமான வரி இருக்கிறது. அதே வருவாயை மீண்டும் ஒருமுறை வாசற்படியில் நின்று அளந்து, குறைந்த வாடகை வீட்டில் வாழ்பவனிடம் மட்டும் இரண்டாம் வரி கேட்பது நேர்மையாகத் தோன்றவில்லை. அவ்வாறு அளப்பதால் உழைப்பவன் தயங்குகிறான். மகன் பெயர் பட்டியலிலிருந்து நீங்குகிறது. குடியிருப்பு வறியோர் மட்டும் வாழும் ஒதுக்கிடமாகிறது. மிக உயர்ந்த வருவாய் உடையோரிடம் படிப்படியாக வாடகையைச் சற்று உயர்த்தலாம். பிரான்சு நாட்டில் வரம்பை நூற்றுக்கு இருபதுக்கு மேல் தாண்டியோர் துணை வாடகை தருவது போல. அதனைக் குற்றமென்று சொல்லோம். வெளியேற்றுதலை மட்டும் ஒப்ப இயலவில்லை.

ஆனால் வேறொரு வீட்டை உடைமையாக்கிக்கொண்டவன் செய்தி வேறு. அவன் முன்னேறி ஈட்டிய பொருளை யாரும் கேட்கவில்லை. அவன் நீங்கினால் தெருவில் நிற்கப்போவதில்லை. அவனுக்குக் கூரை இருக்கிறது. தன் கூரையைப் பிறனுக்கு விலை கூறி விற்றுக்கொண்டு, பொதுக் கூரையின் கீழ் அவன் படுத்திருக்கிறான். ஹாங்காங்கின் விதிகளுள் இவ்வொன்றை மட்டும் யாம் முழுமனத்துடன் ஏற்கிறோம். நூலகத்தைப் பற்றி முன்னர் எழுந்த கேள்விக்கும் இதுவே எம் விடை. அந்நூல் ஒன்றைத் தவிர வேறில்லாதவன் நெடுநாள் வைத்துப் படிக்கட்டும். தன் வீட்டில் அதே நூலைப் பூட்டி வைத்துக்கொண்டு, அதனைப் பிறர்க்குக் கூலிக்கு விட்டு, நூலகப் பிரதியையும் திருப்பாமல் இருப்பவனிடம் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

எம்மைப் போன்றோர் நூற்றுக்கு எத்தனை பேர், அவர் நீங்கினால் காத்திருப்போர் வரிசை எவ்வளவு குறையும் என்று ஒரு கேள்வி வரும். பெரிதாகக் குறையாது. வரிசையைக் குறைப்பது புதிய வீடுகளே. இதனை வியன்னா காட்டியது. கட்ட வேண்டிய அரசு கட்டாமல் இருந்துகொண்டு, குடியிருப்போரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு ஏசுமாறு விடுவது, தன் கடமையை அவர்கள் தலையில் ஏற்றுவதாகும். இக்கூற்றில் உண்மை உண்டு. அரசைப் பற்றிப் பேசும்போது யாமும் இதனையே சொல்வோம். ஆனால் எம்மைப் பற்றிப் பேசும்போது இதனைச் சொல்ல நா எழவில்லை. அரிசி ஆலைக்குப் பின்னிருந்த அறையில் வாழ்ந்தவர்க்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வீடு. அது எம் பெயரில் இருந்தது.

இவ்விதழின் வாசகர்களுள் அரசுப் பணியில் இருப்போர் பலர் என்பதையும், அவர்களுள் சிலர் குடியிருப்புகளில் வாழ்ந்துகொண்டே மனையும் வீடும் வாங்கியிருப்பர் என்பதையும் அறிவோம். விதி இடம் தருகிறதே, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறதே, ஓய்வு பெறும் வரைதானே என்று அவர்கள் சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் யாம் ஒன்பது ஆண்டுகள் சொல்லியிருக்கிறோம். எம் வாதத்தில் பிழை கண்டோர் எழுதுவாராக. குறிப்பாக, வருவாய்க்கும் உடைமைக்கும் இடையே யாம் இட்ட கோடு சரியன்று எனக் கருதுவோர் எழுதினால், அடுத்த இதழில் அதனை எடுத்துக்கொள்ள ஆசிரியர் குழுவை வேண்டுவோம்.